மைனஸ் 40 காட்டும் இன்ஜின்

மே மாத வெயிலில் வேலூரில் ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகுகிறார். கூலண்ட் வெப்பநிலை என்ற வரிக்கு நேரே மைனஸ் 40 டிகிரி என்று வருகிறது; அதோடு பி0118 என்று கோளாறைக் குறிக்கும் ஒரு கோடு (code). இதைப் பார்த்ததும் ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாக எழும் பேச்சு, "டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பது. சென்சாரை மாற்றுகிறார்கள், கோடை அழிக்கிறார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வருகிறோம். மறுநாளோ மறுவாரமோ அதே விளக்கு எரிந்தால், "லோக்கல் ஸ்பேர் ஒத்துக்கல, ஒரிஜினல் போட்டுடலாம்" என்று இன்னொரு செலவு.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்தக் கோடு சொன்னதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. பி0118 என்பதன் பொருள் இது: கூலண்ட் வெப்பநிலை சென்சாரின் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது. அவ்வளவே. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கனெக்டர், அங்கிருந்து இன்ஜின் கம்ப்யூட்டர் வரை ஓடும் இரண்டு வயர்கள், எர்த், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்தடை எல்லாம் சேர்ந்தது. சென்சாரிலோ கனெக்டரிலோ வயரிலோ எர்த்திலோ எங்கே இணைப்பு அறுந்தாலும் இதே எண் வரும். கோடு தெருவைக் காட்டுகிறது; வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

இந்த விளக்கு எதற்காகக் காருக்குள் வந்தது என்று தெரிந்தால், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் விளங்கிவிடும். அது புகைக்காக வந்தது. 1940-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரியவைக்கும் பழுப்பு மூட்டம் சூழத் தொடங்கியது. கால்டெக்கில் பணிபுரிந்த டச்சு வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட், கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே அந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கலிஃபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் ஆனவரும் அவரே. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காரே தன்னைக் கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை அந்த வாரியம் 1988 மாடல் கார்களிலிருந்து கொண்டுவந்தது. அப்போது கம்பெனிக்கு ஒரு கனெக்டர், கம்பெனிக்கு ஒரு எண்முறை. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் 16 பின் கொண்ட ஒரே வகைக் கனெக்டரும் பொதுவான எண்களும் கட்டாயமாயின. ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை முறை அதுதான். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதற்கட்ட ஓபிடியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகே கைவிட்டுப் பார்த்தால் அந்தக் கனெக்டர் தட்டுப்படும்.

ஆகவே புகையைக் கெடுக்கக்கூடிய கோளாறுதான் இந்த விளக்கின் கவலை. பிரேக் பேட் தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசினாலும் இது எரியாது. அமெரிக்கக் கார்களிலோ பெட்ரோல் டேங்க் மூடி தளர்ந்திருந்தால்கூட எரியும், ஆவி வெளியேறுகிறது என்பதால். விளக்கு எரியாத கார் நல்ல கார் என்றோ, விளக்கு எரியும் கார் பழுதான கார் என்றோ எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

எண்ணுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. முதலில் வரும் பி என்ற எழுத்து இன்ஜின், கியர்பாக்ஸ் தொகுதியைக் குறிக்கும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது, ஒரு கம்பெனியின் பொருளை இன்னொன்றின் காருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதற்கடுத்த இலக்கம் 1 அல்லது 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் தீப்பொறி, 4 என்றால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், 7 என்றால் கியர்பாக்ஸ். இதைவிட முக்கியம், எண்ணுக்குப் பின்னால் வரும் விளக்கச் சொற்கள். "மின்னழுத்தம் அதிகம்", "மின்னழுத்தம் குறைவு" என்று இருந்தால் கம்ப்யூட்டர் மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறது. "வரம்பு அல்லது செயல்திறன்" என்று இருந்தால் மின்னழுத்தம் சரியான எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்த அளவை நம்ப முடியவில்லை என்று பேசுகிறது. "கலவை லீன்", அதாவது காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை, என்று இருந்தால் சென்சாரைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. சென்சாரை நம்பி, இன்ஜினைப் பற்றிப் பேசுகிறது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துச் சென்சாரைக் கழற்றுவதில்தான் பணம் வீணாகிறது.

வேலூர்க் காருக்கு வருவோம். கூலண்ட் வெப்பநிலை சென்சார் என்பது பித்தளையோ பிளாஸ்டிக்கோ கொண்ட ஓர் உறைக்குள் இருக்கும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 60 டிகிரியில் 600 ஓம், 80-ல் 320 ஓம், 100-ல் 190 ஓம் அளவுக்கு இருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டர், மெக்கானிக்குகள் ஈசிஎம் என்று சொல்வது, தன்னிடமுள்ள 5 வோல்ட்டை ஒரு நிலையான மின்தடை வழியாக இந்தத் தெர்மிஸ்டருக்கு அனுப்புகிறது. தெர்மிஸ்டரின் மறுமுனை எர்த்தில் முடிகிறது. இரண்டு மின்தடைகளும் அந்த 5 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் தெர்மிஸ்டரின் பங்கு அதிகம், சூடானால் குறைவு. ஈசிஎம்முக்குத் தெரிவது அந்தப் பங்கு எத்தனை வோல்ட் என்பது மட்டுமே. வெப்பநிலை என்பது அதிலிருந்து அது கணக்கிட்டுக்கொள்ளும் எண்.

இப்போது வயர் அறுந்துவிட்டது என்றால் என்ன நடக்கும்? மின்னோட்டமே இல்லை, பங்கீடும் இல்லை, 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசிஎம் பார்வையில் அது எல்லையற்ற மின்தடை, அதாவது எல்லையற்ற குளிர். ஸ்கேனருக்கு வெப்பநிலையை அனுப்பும் ஓபிடி முறையிலோ 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை அனுப்பி, அதிலிருந்து 40-ஐக் கழித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. 0 கழித்தல் 40. அந்த முறையில் சொல்லக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். ஸ்கேனரை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினாலும் எண் மாறாது. இரண்டு அளவுகோல்களும் சந்திக்கும் ஒரே புள்ளி மைனஸ் 40. எனவே நம் ஊரில் ஒரு சென்சார் மைனஸ் 40 காட்டினால் அது வெப்பநிலையே அல்ல. "எதிர்முனையில் யாரும் இல்லை" என்ற செய்தி. அதற்கு நேர்மாறாக, இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டால் மின்னழுத்தம் பூஜ்யத்தில் விழும், திரையில் 130, 140 என்று நம்ப முடியாத சூடு தெரியும், கோடு பி0117 ஆகும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்குச் சோதனை தானாக வந்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கமுள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைக்க வேண்டும். ஸ்கேனரில் மைனஸ் 40 இருந்த இடத்தில் அளவு துள்ளி 130-ஐத் தாண்டினால் வயர்கள் நல்லவை, எர்த் நல்லது, ஈசிஎம் நல்லது. அப்போது, அப்போது மட்டும், சென்சாரைக் குற்றம் சொல்லலாம். அளவு அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால், எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் பயனில்லை. கோளாறு வயரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. சில நிமிட வேலை. இரண்டு வயர் கொண்ட தெர்மிஸ்டருக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். மூன்று வயர் கொண்ட பிரஷர் சென்சார், த்ராட்டில் சென்சார் ஆகியவற்றின் கனெக்டரில் இப்படி இணைத்தால் 5 வோல்ட் நேராக எர்த்தில் இறங்கும். சில கார்களில், கோளாறு கண்ட ஈசிஎம் உண்மை அளவை மறைத்து 80 டிகிரி போன்ற ஒரு கற்பனை எண்ணை வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் ஃபேனை நிறுத்தாமல் ஓடவிட்டு இன்ஜினைக் காப்பாற்றும். அங்கே திரையிலுள்ள வெப்பநிலையை நம்பாமல் மல்டிமீட்டரில் மின்னழுத்தத்தை அளப்பதே வழி.

நம் ஊரில் வயர் அறுவதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை. இரவில் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் கதகதப்பைத் தேடி எலி ஏறும். அது கடித்த வயர் முழுதாகத் துண்டாகாமல் இரண்டு மூன்று செம்பு இழைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டில் ஏறி இறங்கினால் விளக்கு எரியும், நின்றால் அணையும். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக இன்ஜின் மீது பீய்ச்சிய தண்ணீர் கனெக்டரின் ரப்பர் சீலைத் தாண்டிவிடும். மழை வெள்ளத்தில் நின்ற கார்களிலும் இதே கதைதான், வெள்ளம் வடிந்து மாதங்கள் கழித்துப் பச்சை பூத்த பின்களோடு அது வெளியே வரும்.

முழுதாக அறுந்த வயரைவிடப் பொல்லாதது இந்தப் பச்சைக் களிம்பு. அது சர்க்யூட்டை அறுப்பதில்லை. நடுவே கொஞ்சம் மின்தடையைக் கூட்டுகிறது. கூலண்ட் சென்சாரின் பின்னில் 500 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன எண்களில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரியில் உண்மையான 2,500 ஓம் 3,000 ஆகத் தெரியும். ஈசிஎம் அதை 16 டிகிரி என்று படிக்கும். நான்கு டிகிரி வித்தியாசம், யாருக்கும் தெரியாது. இன்ஜின் சூடாகி 90 டிகிரியை எட்டும்போது தெர்மிஸ்டரின் உண்மை மின்தடை சுமார் 240 ஓம். அதோடு அந்த 500-ஐச் சேர்த்தால் 740. ஈசிஎம் படிப்பது சுமார் 54 டிகிரி. அதே களிம்பு, குளிரில் ஒளிந்துகொண்டு சூட்டில் பெரும் பொய்யாக வளர்கிறது.

இனி நடப்பதைக் கவனியுங்கள். மின்னழுத்தம் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆகவே பி0118 வராது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பும் ஈசிஎம் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றப் பார்க்கிறது, மைலேஜ் இறங்குகிறது. எவ்வளவு நேரம் ஓட்டியும் இன்ஜின் உரிய சூட்டை எட்டவில்லையே என்று அது முடிவு கட்டும்போது வரும் கோடு பி0128. அதன் விளக்கத்தில் தெர்மோஸ்டாட் என்ற சொல் இருக்கும். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார், ஒன்றும் ஆகாது. இதைவிட ஆபத்து ஒன்று உண்டு: இந்தச் சென்சாரை நம்பி ரேடியேட்டர் ஃபேனை இயக்கும் கார்களில், உண்மையில் கூலண்ட் கொதிநிலையை நெருங்கும்போதும் ஈசிஎம்முக்கு அது தெரியாததால் ஃபேன் சுற்றாமலே இருக்கலாம். கிண்டி போக்குவரத்து நெரிசலில் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போனால், அதற்குக் காரணம் நகக்கண் அளவு பச்சைக் களிம்பாக இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இரவு முழுக்க நிறுத்திய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரைச் சொருகிப் பார்ப்பது. அந்த நேரத்தில் கூலண்டும், உள்ளே வரும் காற்றும், வெளிக்காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். இயற்பியல் இலவசமாகத் தரும் ஒப்பீடு இது. கூலண்ட் சென்சாரும் காற்று வெப்பநிலை சென்சாரும் 28, 29 என்று ஒத்துப்போனால் குளிரில் இரண்டும் நம்பத்தக்கவை. பின் இன்ஜினைச் சூடாக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஸ்கேனரோடு ஒப்பிட வேண்டும். குளிரில் ஒத்துப்போய் சூட்டில் விலகினால் களிம்பைத் தேடலாம். ஈசிஎம்முமே இந்தக் காலை நேர ஒப்பீட்டைப் பல கார்களில் தானாகச் செய்கிறது. "வரம்பு அல்லது செயல்திறன்" என்று முடியும் கோடுகள் இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் பிறப்பவை.

ஆக்சிஜன் சென்சாரின் கதை இதைவிடச் சிக்கலானது, அதனாலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். 1976-ல் பாஷ் நிறுவனம் தயாரித்து வோல்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்ட இந்தச் சென்சார், சிர்கோனியா என்ற பீங்கானால் ஆனது. சில நூறு டிகிரி சூடேறியதும் பீங்கானின் ஒருபுறம் உள்ள புகையிலும் மறுபுறம் உள்ள வெளிக்காற்றிலும் இருக்கும் ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது தானே மின்னழுத்தம் உண்டாக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட் அளவு, லீன் என்று பொருள். ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் 0.9 வோல்ட் அளவு, ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், என்று பொருள். இதை வைத்து ஈசிஎம் விநாடிக்கு விநாடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை ஃப்யூயல் ட்ரிம் என்ற பெயரில் ஸ்கேனர் சதவீதமாகக் காட்டும். பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து பத்துக்குள் இருந்தால் இன்ஜின் நலம். கூட்டிக் கூட்டி 20, 25 சதவீதம் அளவுக்குப் போயும் புகை லீனாகவே இருந்தால் ஈசிஎம் கைவிரித்துவிடும். அந்தக் கைவிரிப்பின் எண் பி0171.

இந்தக் கோடு வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது மிகப் பரவலான வழக்கம். ஆனால் ஈசிஎம் அந்தச் சென்சாரைச் சந்தேகிக்கவே இல்லை. அதன் சொல்லை நம்பித்தான் இவ்வளவு பெட்ரோல் கூட்டியிருக்கிறது. சந்தேகம் இருந்திருந்தால் பி0131, பி0135 போன்ற வேறு எண்கள் வந்திருக்கும். லீனுக்குக் காரணங்கள் வேறு: காற்றை அளக்கும் சென்சாரில் தூசு படிந்து வரும் காற்றைக் குறைத்துச் சொல்வது, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஏதோ ஒரு ஹோஸ் வெடித்து அளக்கப்படாத காற்று நுழைவது, பெட்ரோல் பம்ப் பலவீனமாவது, இன்ஜெக்டர் அடைப்பது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டுமே தெரியும். ஒரு சிலிண்டரில் பிளக் அடிக்காவிட்டால் எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே வெளியே வரும். மூக்குக்குப் பெட்ரோல் வாடை அடிக்கும், சென்சாரோ லீன் என்று சொல்லும். சைலன்சர் பைப்பில் சென்சாருக்கு முன்னால் சிறு விரிசல் இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் லீன் என்றே சொல்லும். சென்சார் பொய் சொல்லவில்லை. அது பார்த்ததைத்தான் சொன்னது.

காரணங்களைப் பிரித்தறிய ட்ரிம் எண்களே உதவும். ஐடிலிங்கில் ட்ரிம் 22 என்று இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தும்போது 5-க்கு இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசியும் காற்றின் விகிதம் பெரிது. வேகத்தில் அது கரைந்துபோகிறது. மாறாக, ஐடிலிங்கில் நன்றாக இருந்து மேட்டில் ஏறும்போது ட்ரிம் கூடினால், தேவைப்படும்போது பெட்ரோல் போதவில்லை, பம்பையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். காற்றை அளக்கும் சென்சாரின் தூசும் இப்படிக் காட்டலாம். ஒரு முக்கிய விலக்கு: நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் கசியும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டிவிடுவதால் ஈசிஎம் அதற்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றிவிடும்; லீன் கோடு வருவதற்குப் பதில் ஐடிலிங் ஏறி நிற்கும். காரில் எந்த வகை என்று தெரியாமல் இணையத்தில் கண்ட பட்டியலைப் பின்பற்றினால் இங்கே வழி தவறும்.

எத்தனால் கலந்த பெட்ரோலின் பங்கையும் இந்த இடத்தில் நேர்மையாகக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் எல்லாப் பழியையும் அதன்மேல் போடும் பேச்சு இப்போது பெருகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால். 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளுக்கு அது சுமார் 13.5. அதாவது கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று அளவு வகுக்கப்பட்ட பழைய காரில், அதே காற்றுக்கு ஏறத்தாழ 8, 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ட்ரிம் அந்த அளவுக்கு ஏறும். அது மட்டுமே பி0171-ஐ வரவழைக்கப் போதாது. ஆனால் முன்பே 14, 15 என்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காரை எல்லைக்கு மேலே தள்ளிவிடப் போதும். எரிபொருளைக் குறை சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் கசிவைப் பார்க்காமல் விடுவது சரியான வைத்தியம் ஆகாது.

ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சார்களின் கோடுகள் வரிசையாக வந்து பயமுறுத்துவதும் உண்டு. நான்கைந்து சென்சார்கள் ஒரே நாளில் சாவது அபூர்வம். பல சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட் வழியைத்தான் பங்கிட்டுத் தருகிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த வழி முழுக்கப் படுத்துவிடும், மற்றவையும் ஊமையாகும். மல்டிமீட்டரில் அந்த 5 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுவே குற்றவாளி. பேட்டரி பலவீனமாகவோ எர்த் வயர் துருப்பிடித்தோ இருந்தாலும் இப்படிக் கோடுகள் குவியும். இன்ஜின் ஓடும்போது சென்சாரின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். பேட்டரியும் எர்த்தும் பார்க்காமல் எந்தச் சென்சார் கோடையும் தொடக் கூடாது என்பதே என் கருத்து.

பி0420 பற்றி ஒரு வார்த்தை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம், விலை அதிகம். இந்த ஒரு கோடுக்கு மட்டும், எழுத்தில் தெளிவான சோதனை முடிவு கையில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பைப்பில் கசிவு, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது), ஆயில் எரிவது இவற்றைப் பார்க்காமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கும் ஒரு தவறு, ஸ்கேனரைச் சொருகியதும் கோடை அழித்துப் பார்ப்பது. கோடு விழுந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், கூலண்ட் எவ்வளவு சூடு, ட்ரிம் எவ்வளவு என்று ஈசிஎம் ஒரு படம்போலப் பதிந்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். குளிரில் வந்ததா, வேகத்தில் வந்ததா, ஐடிலிங்கில் வந்ததா என்பதற்கு அதுவே ஆதாரம். அழித்தால் அதுவும் போகும், காரின் சுயபரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் விளக்கு எரியும் என்பது விதி. ஆகவே அழித்ததும் விளக்கு அணைந்திருப்பது பழுது நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு அழிக்கட்டும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம், வெப்பமானியும் ஆயில் விளக்கும் சரியாக இருக்கும்வரை. சிமிட்டினால் அது வேறு: எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் ஆகிறது, வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

நம் மெக்கானிக்குகளுக்குத் திறமை இல்லை என்பதல்ல இங்கே பிரச்சினை. காதால் இன்ஜினைக் கேட்டே டேப்பட் இடைவெளியைச் சொல்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பாகத்துக்குப் பணம் கொடுக்கும் நாம், கண்டுபிடிப்பதற்குப் பணம் கொடுக்க மறுக்கிறோம். ஒரு மணி நேரம் வயரிங் படத்தை விரித்துவைத்து, மல்டிமீட்டரோடு குனிந்து நின்று, ஒரு பின்னின் களிம்பைச் சுரண்டிச் சரிசெய்பவர் 500 ரூபாய் கேட்டால் "ஒண்ணுமே மாத்தலையே" என்கிறோம். 3,000 ரூபாய்க்குத் தேவையில்லாத சென்சாரை மாற்றுபவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். பிறகு எல்லாரும் பாகம் மாற்றுபவர்களாகவே இருப்பதில் என்ன வியப்பு?

அடுத்த முறை அந்த மஞ்சள் விளக்கு எரிந்து, சென்சாரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "அண்ணே, கனெக்டர்ல எத்தனை வோல்ட் வந்துச்சு? வயர் நல்லா இருக்குன்னு எப்படிப் பாத்தீங்க?" பதில் எண்ணாக வந்தால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். வராவிட்டால், சோதித்துப் பார்க்கச் சொல்லி, அந்த வேலைக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.